மருத்துவப் படியா, மருத்துவ பில்லா? சம்பளச் சீட்டின் ஒரு வரியும் வருமான வரியும்

பிப்ரவரி மாதக் கடைசிக்குள் முதலாளிகள் ஊழியர்களிடம், முந்தைய ஆண்டின் சம்பளத்தையும் பிடித்தங்களையும் காட்டும் இஏ பாரத்தைக் கொடுத்துவிட வேண்டும். தைப்பூச வேலைகளெல்லாம் ஓய்ந்து பினாங்கில் எல்லோரும் பழையபடி வேலைக்குத் திரும்பும் சமயத்தில்தான் அது பெரும்பாலும் கைக்கு வரும். வாங்கி, மடித்து, பையில் வைத்துக்கொண்டு போகிறவர்களே அதிகம். சம்பளத் தொகையும் சேமநிதித் தொகையும் சரியாக இருந்தால் போதும் என்பது பலருடைய எண்ணம். ஆனால் பாயான் லெப்பாஸ் ஆலைகளிலும் பிறையிலும் ஜார்ஜ்டவுன் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்கள் நின்று படிக்க வேண்டிய ஓர் இடம் அதில் இருக்கிறது. முதலாளி உங்கள் மருத்துவத்துக்காகச் செலவழித்த பணம் அங்கே எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதுதான் அது. பெயர் மாறினால் வரியும் மாறும்.

முதலாளி ஊழியரின் மருத்துவச் செலவை ஏற்பதற்கு நம் மலேசியாவில் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. நிறுவனம் ஏற்பாடு செய்து வைத்திருக்கும் பேனல் கிளினிக்குக்குப் போய் அட்டையைக் காட்டினால், பில் நேராக நிறுவனத்துக்குப் போய்விடும். அல்லது நாமே காசு கொடுத்துவிட்டு, ரசீதைக் காட்டிக் கிளெய்ம் செய்து திரும்பப் பெறுவோம். மூன்றாவது வழியில் ரசீது, கிளினிக் எதையும் பற்றிக் கேட்காமல், சம்பளத்தோடு மாதம் ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். அது சம்பளச் சீட்டில் 'மெடிக்கல் அலவன்ஸ்' என்று வரும். கையில் வாங்கும்போது மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். சட்டம் முதல் இரண்டையும் ஒரு பக்கமாகவும், மூன்றாவதை வேறு பக்கமாகவும் வைத்துப் பார்க்கிறது.

1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13ஆவது பிரிவில் இதற்கு அடிப்படை இருக்கிறது. வேலையிலிருந்து கிடைக்கும் வருமானம் என்றால் என்ன என்பதை அந்தப் பிரிவு வரையறுக்கிறது. சம்பளம், கூலி, விடுமுறை ஊதியம், கமிஷன், போனஸ், பணிக்கொடை, கூடுதல் சலுகைகள், படிகள் ஆகியவை பணமாக வந்தாலும் வேறு எப்படி வந்தாலும் வருமானம் என்கிறது அதன் முதல் உட்பிரிவு. படி என்ற பெயரில் வருகிற எல்லாமே இதற்குள் அடங்கிவிடுகிறது. அதன் முன்னால் 'மருத்துவ' என்ற சொல் இருப்பதால் மட்டும் அது வெளியே வந்துவிடாது. அடுத்த உட்பிரிவு, முதலாளி பொருளாகவோ வசதியாகவோ தரும் சலுகைகளைப் பற்றியது. பொதுவாக அவற்றின் மதிப்பும் வருமானம்தான். ஆனால் மருத்துவச் சிகிச்சை, பல் சிகிச்சை, குழந்தைப் பராமரிப்பு ஆகிய சலுகைகளை அதே இடத்திலேயே சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. இத்தனை ரிங்கிட்டுக்கு மேல் போனால் வரி என்ற உச்சவரம்பும் மருத்துவச் சிகிச்சைக்கு இல்லை. உங்கள் அறுவைச் சிகிச்சைக்காக நிறுவனம் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் பல்லாயிரம் ரிங்கிட் கட்டினாலும் அதில் ஒரு சென் கூட உங்கள் வருமானத்தில் ஏறாது.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்தப் பணம் நடந்த ஒரு சிகிச்சைக்காக வந்ததா, அல்லது சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் வருவதா? காய்ச்சலே வராத மாதத்திலும் 150 ரிங்கிட் வந்து சேர்கிறது என்றால் அதைச் சம்பளமாகத்தான் சட்டம் பார்க்கும். அதை மருந்துக்குச் செலவழித்தாலும் சரி, தீபாவளிக்குத் துணி எடுத்தாலும் சரி, யாரும் கேட்கப் போவதில்லை. யாரும் கேட்காத பணத்துக்குச் சிகிச்சைக்கான விலக்கு கிடைக்காது.

இணையத்தில் தமிழில் தேடிப் படிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே கிடைக்கும் பெரும்பாலான விளக்கங்கள் இந்தியச் சட்டத்தைப் பற்றியவை. 15,000 ரூபாய் வரை மருத்துவ பில் கொடுத்தால் வரி இல்லை என்ற விதி அந்த நாட்டினுடையது. அதுவும் 2018ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் எடுக்கப்பட்டு, அதற்குப் பதிலாக 40,000 ரூபாய் நிலையான கழிவு வந்தது. மலேசியாவில் அந்த வரம்பு எப்போதும் இருந்ததில்லை. இங்கே வேலை செய்கிறவர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை.

இனி காசைப் பார்ப்போம். ஒரே ஆலையில் மாதம் 6,500 ரிங்கிட் சம்பளம் வாங்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய நிறுவனப் பிரிவு மருத்துவப் படியாக மாதம் 150 ரிங்கிட் தருகிறது. இன்னொருவர் ஆண்டுக்கு 1,800 ரிங்கிட் வரை ரசீது காட்டித் திரும்பப் பெறலாம். ஆண்டுச் சம்பளம் 78,000 ரிங்கிட். அதில் சொந்தக் கழிவு 9,000, சேமநிதிக்கான கழிவு 4,000, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவுக்கான கழிவு 350 ஆகியவற்றை எடுத்தால் வரிக்குரிய வருமானம் 64,650 ரிங்கிட். வேறு கழிவு எதுவும் இல்லையென்றால் இவர்கள் 50,000க்கு மேல் 70,000 வரையிலான படிநிலையில் நிற்கிறார்கள். அங்கே வரி 11 விழுக்காடு. படி வாங்குகிறவரின் 1,800 ரிங்கிட் இதன் மேல் ஏறும், அதற்கு வரி 198 ரிங்கிட். அது ஆண்டு இறுதி வரை காத்திருப்பதும் இல்லை. மாதாந்திர வரிப் பிடித்தம் வழியாக மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். ரசீது காட்டுகிறவருக்கு இந்த 198 ரிங்கிட் இல்லை.

இவ்வளவோடு முடிந்தால் படி மோசம், கிளெய்ம் நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். விஷயம் அவ்வளவு எளிதல்ல. 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டத்தில் ஊதியம் என்பதற்குள் படிகளும் வருகின்றன. பயணப் படி போன்ற சிலவற்றை மட்டும் அது வெளியே நிறுத்துகிறது. ஆகவே மாதாமாதம் பணமாக வரும் மருத்துவப் படிக்குச் சேமநிதி பிடிக்க வேண்டும். ஊழியர் பங்கு 11 விழுக்காடு. 5,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி பங்கு 12 விழுக்காடு, 5,000 வரை வாங்குகிறவருக்கு 13 விழுக்காடு. நம் எடுத்துக்காட்டில் ஊழியர் பங்காக ஏறக்குறைய 198 ரிங்கிட் கையிலிருந்து குறைந்து கணக்கில் சேரும். முதலாளி தன் பங்காக 216 ரிங்கிட்டுக்குப் பக்கத்தில் போடுவார். இந்தப் பணம் தொலைந்து போவதில்லை, முதுமைக்கு நிற்கும். பில்லுக்குத் திரும்பக் கொடுக்கும் தொகைக்கோ சேமநிதி கிடையாது, ஏனென்றால் அது ஊதியமே அல்ல. ஆண்டு முழுவதும் நோய் நொடி இல்லாமல், கிளினிக் பக்கமே போகாதவருக்கு, வரி போக மிஞ்சிய படியும் சேமநிதியும் லாபம்தான். கிளெய்ம் முறையில் அவருக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது.

3,000 ரிங்கிட் சம்பளம் வாங்குகிறவருக்குக் கணக்கு வேறு. ஆண்டுச் சம்பளம் 36,000. சொந்தக் கழிவும் சேமநிதிக் கழிவும் போக வரிக்குரிய வருமானம் 23,000 ரிங்கிட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். வரிக்குரிய வருமானம் 35,000 ரிங்கிட்டைத் தாண்டாதவருக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு. அது அவருடைய வரி முழுவதையும் அடித்துவிடும். மருத்துவப் படியைச் சேர்த்தாலும் அவர் வரி கட்டப் போவதில்லை. ஆகவே அவரிடம் வரி விலக்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவருடைய உண்மையான ஆபத்து வேறு. மாதம் 150 ரிங்கிட் படி என்பது ஒரு டெங்கிக் காய்ச்சலுக்கோ குடல்வால் அறுவைக்கோ தனியார் மருத்துவமனையில் ஒரு மூலைக்குக் கூடக் காணாது. ஏற்கெனவே இருந்த மருத்துவமனை அட்டையை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாகப் படி தருகிறோம் என்று நிறுவனம் சொன்னால், கையில் கொஞ்சம் பணம் கூடுகிறது, நோயின் பாரம் முழுவதும் ஊழியர் தலையில் இறங்குகிறது. இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். காப்பீட்டுச் சந்தா உயர்ந்துகொண்டே போகிறது. 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவே தலையிட்டு, சந்தா உயர்வைக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குப் பரப்பி வசூலிக்கும்படி சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சுமையைக் குறைத்துக்கொள்ள ஒரு சிறு நிறுவனம் படிக்கு மாற நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் மாற்றத்தின் முழு விலை என்ன என்பது ஊழியருக்குத் தெரிய வேண்டும்.

படி கொடுத்துவிட்டோம் என்ற காரணத்தைக் காட்டி எல்லாப் பொறுப்பிலிருந்தும் முதலாளி விலகிவிடவும் முடியாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு, நோய் விடுப்புக்காக மருத்துவர் ஊழியரைப் பரிசோதிக்கும் செலவு முதலாளியுடையது என்கிறது. முதலாளி நியமித்த மருத்துவர் இல்லாதபோதும், உரிய நேரத்தில் கிடைக்காதபோதும், பதிவு பெற்ற வேறு மருத்துவரிடமோ அரசு மருத்துவ அதிகாரியிடமோ போகலாம். அதேபோல, மருத்துவப் படியைச் சேர்த்துக் காட்டிக் குறைந்தபட்சச் சம்பளம் தருகிறோம் என்றும் சொல்ல முடியாது. 1,700 ரிங்கிட் என்பது அடிப்படைச் சம்பளத்தைக் குறிக்கிறது.

நடுவில் நிற்கும் சில வகைகள்தான் அதிகம் குழப்புகின்றன. சில நிறுவனங்களில் ஆண்டுக்கு இவ்வளவு என்று மருத்துவ ஒதுக்கீடு இருக்கும். ரசீது காட்டி எடுத்தது போக, மிஞ்சியதை டிசம்பரில் பணமாகக் கொடுத்துவிடுவார்கள். நோய்வாய்ப்படாதவருக்கு ஒரு பரிசு மாதிரி இது. ரசீதுக்குக் கொடுத்த பகுதி சிகிச்சைச் சலுகை, அதற்கு வரி இல்லை. மிஞ்சியதாகக் கொடுத்த பகுதிக்குப் பின்னால் சிகிச்சை எதுவும் இல்லை, அதனால் அதற்கு வரி உண்டு. ஒரே ஒதுக்கீட்டின் இரண்டு பகுதிகள் இரண்டு விதமாக நடத்தப்படுவதைப் பார்த்து ஊழியர் கணக்குப் பிரிவோடு சண்டைக்குப் போவதும் உண்டு. அங்கே தவறு எதுவும் இல்லை. இன்னொரு வகை, ஊழியர் தன் விருப்பப்படி எதற்கும் செலவழிக்கலாம் என்று தரப்படும் கலவையான ஒதுக்கீடு. அதிலிருந்து ஜிம் கட்டணம் கட்டினால் அது மருத்துவச் சிகிச்சை ஆகாது. ஒதுக்கீட்டின் தலைப்பில் ஆரோக்கியம் என்று எழுதியிருப்பதால் அது மாறிவிடாது.

காப்பீட்டிலும் இப்படி ஒரு பிரிவினை இருக்கிறது. நிறுவனம் தன் பெயரில் எடுத்து ஊழியர்களைச் சேர்க்கும் கூட்டுக் காப்பீடு வேறு. நீங்களே உங்கள் பெயரில் எடுத்த பாலிசியின் சந்தாவை முதலாளி கட்டுவது வேறு. பின்னதில் கட்ட வேண்டிய கடன் உங்களுடையது, அதை முதலாளி தீர்த்து வைக்கிறார். அது உங்களுக்கு வருமானம்.

2009ஆம் ஆண்டில் வெளியான விலக்கு ஆணை நம்மவர்களுக்கு நெருக்கமான ஒன்றையும் சேர்த்தது. பிரசவச் செலவும் பாரம்பரிய மருத்துவமும் 2008 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வரி விலக்குக்குள் வந்தன. ஆயுர்வேதத்தையும் அக்குபங்சரையும் பெயர் சொல்லியே அறிவித்தார்கள். பின்னால் 2016ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் வந்து, இந்தியப் பாரம்பரிய மருத்துவத்தை அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் ஒன்றாக வைத்தது. சித்த மருத்துவம் அதற்குள் அடங்குகிறது. முட்டி வலிக்கு ஆயுர்வேத வைத்தியரிடம் போய் வந்த பில்லை நிறுவனம் ஏற்றுக்கொண்டால் அதற்கும் விலக்கு உண்டு என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. ஆங்கில மருந்துக்கு மட்டும்தான் என்று நினைத்து ரசீதைக் கேட்காமலேயே வந்துவிடுகிறார்கள். வைத்தியர் முறையாகப் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்பது முக்கியம். உடம்புச் சோர்வு தீர எண்ணெய்க் குளியல் எடுத்துக்கொண்டு வந்த பில்லை இதில் நுழைக்கப் பார்ப்பது சரியாகாது. குடும்ப நிறுவனத்தில் தானே முதலாளியாகவும் இயக்குநராகவும் இருப்பவர்களுக்கு இந்த ஆணையின் சலுகைகளைத் தங்களுக்கே பொருத்திக்கொள்வதில் தடை உண்டு. லெபோ பாசாரில் கடை வைத்து அதை செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம், ஆக்கியிருப்பவர்கள் இதைத் தங்கள் வரி முகவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

கிளெய்ம் முறையின் உயிர் ரசீதில் இருக்கிறது. கிளினிக் கௌண்டரில் கொடுக்கும் அந்தச் சிறு காகிதத்தை ஒருமுறை பாருங்கள். நோயாளியின் பெயர், அடையாள அட்டை எண், தேதி, ஆலோசனைக் கட்டணம், மருந்துக்கான தொகை, கிளினிக்கின் முத்திரை இத்தனையும் இருக்க வேண்டும். 'மருந்து, 65 ரிங்கிட்' என்று மட்டும் எழுதிப் பெயர் இல்லாமல் கொடுத்தால், அங்கேயே நின்று பெயரை எழுதி வாங்குங்கள். வெப்பத்தில் அச்சாகும் மெல்லிய தாளில் எழுத்து சில மாதங்களிலேயே வெளுத்துவிடும், பினாங்கு வெயிலில் காருக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துவிட்டு மூலத்தைக் கணக்குப் பிரிவுக்குக் கொடுங்கள். வரி தொடர்பான ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

முதலாளி திரும்பத் தந்துவிட்ட செலவை வரிக்கழிவிலும் காட்டக் கூடாது. கழிவு என்பது நீங்கள் சொந்தக் கையிலிருந்து செலவழித்ததற்கு. நிறுவனம் பாதி கொடுத்து நீங்கள் பாதி கட்டியிருந்தால் உங்கள் பாதிக்கு மட்டும் கழிவு கேட்கலாம். அதற்கும் எல்லாச் செலவும் சேராது. உங்களுக்கும் துணைவருக்கும் பிள்ளைக்குமான கடும் நோய்ச் சிகிச்சைக்கு 10,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, மாரடைப்பு போன்றவை அதில் வருகின்றன. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் இதைக் கேட்கலாம். நம் வீடுகளில் மிகவும் பரவலாக இருக்கும் சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் வாங்கும் மருந்து அதில் சேராது. இது எனக்கு வருத்தம் தரும் இடம்தான். இருந்தாலும் அந்த 10,000க்குள்ளேயே முழு உடல் பரிசோதனைக்கு 1,000 ரிங்கிட் வரை இடம் உண்டு. 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வீட்டில் வைத்துப் பரிசோதிக்கும் கருவிகளையும் அதில் காட்டலாம். 2024லிருந்து பல் சிகிச்சைக்கும் 1,000 ரிங்கிட் வரை உண்டு.

பெற்றோருக்குச் செய்த மருத்துவச் செலவுக்குத் தனியாக 8,000 ரிங்கிட் வரை கழிவு இருக்கிறது. 2025லிருந்து தாத்தா பாட்டியும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பெற்றோர் மலேசியாவில் வசிக்க வேண்டும், சிகிச்சையும் மலேசியாவில் நடந்திருக்க வேண்டும். அம்மாவைச் சென்னைக்கோ வேலூருக்கோ அழைத்துப் போய் வைத்தியம் பார்த்து வந்த பிள்ளைகள் அந்த பில்களைக் கட்டுக்கட்டாக வைத்திருப்பார்கள். அவற்றுக்கு இங்கே கழிவு இல்லை. போவதற்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது. கல்வி, மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவுக்கான கழிவு 3,000 ரிங்கிட்டிலிருந்து 2025 மதிப்பீட்டு ஆண்டில் 4,000 ஆகியிருக்கிறது. படி வாங்குகிறவர்கள் அந்தப் பணத்தை வீட்டுச் செலவில் கரையவிடாமல் சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்தால், படியின் மேல் விழும் வரியை இந்தக் கழிவு பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். 1,800 ரிங்கிட் படியை அப்படியே சந்தாவாகக் கட்டினால் 1,800க்கும் கழிவு கிடைக்கும். அந்த 198 ரிங்கிட் திரும்பிவிடுகிறது. படி முறைக்கு மாறிவிட்ட நிறுவனத்தில் இருப்பவருக்கு நான் சொல்லக்கூடிய நல்ல வழி இதுதான்.

இஏ பாரத்தில் எங்கே பார்ப்பது? சம்பளம், போனஸ், படிகள் எல்லாம் பகுதி பியில் வருகின்றன. அதிலும் படிகளுக்கும் கூடுதல் சலுகைகளுக்கும் தனி வரிசை உண்டு. வரி விலக்குப் பெற்ற தொகைகளுக்கென்று கீழே பகுதி எஃப் இருக்கிறது. மாதாந்திர மருத்துவப் படி பகுதி பியில் இருந்தால் அது சரியான இடம். ரசீது காட்டி நீங்கள் திரும்பப் பெற்ற தொகை அங்கே சேர்ந்திருந்தால் அது தவறு. சம்பளக் கணக்கை மென்பொருளில் ஏற்றும்போது கிளெய்ம் தொகையையும் படியையும் ஒரே தலைப்பில் போட்டுவிடுவதால் இது நேரலாம். பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளையும் கிளெய்ம் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மனிதவளப் பிரிவிடம் எழுத்து மூலம் கேட்டு, திருத்திய இஏ பாரத்தை வாங்குங்கள். தொழில் வருமானம் இல்லாத ஊழியருக்குக் கணக்குக் கொடுக்கும் கடைசி நாள் ஏப்ரல் 30, இணையம் வழி என்றால் வழக்கமாக மே 15 வரை அவகாசம் தருகிறார்கள். அதற்குள் திருத்தம் வந்துவிட வேண்டும்.

பழைய ஆண்டுகளில் இப்படி அதிகமாக வரி கட்டிவிட்டவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. கணக்கில் நேர்ந்த பிழையால் கூடுதல் வரி கட்டியவர், வருமான வரிச் சட்டத்தின் 131ஆவது பிரிவின் கீழ், மதிப்பீடு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து 5 ஆண்டுகளுக்குள் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். அதற்கு முதலாளியின் திருத்திய இஏ பாரமும், அந்த ஆண்டு ரசீதுகளின் நகல்களும் வேண்டும்.